ஐந்து பேர், ஒன்றேமுக்கால் ரூபாய்: உங்கள் அப்பாவின் கணக்கு சரிதான்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். எழுபதுகளில் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டோடு ஐந்து பேர் இரண்டு ரூபாய்க்குள் படம் பார்த்தோம் என்று அப்பா சொல்கிறாரே, அது நடந்திருக்குமா என்பது முதல் கேள்வி. போன மாதம் சென்னையில் ஒரு மாலுக்கு அவரையும் சேர்த்து ஐந்து பேர் போய் 2,300 ரூபாய் செலவானது, இடைவேளைக்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை, ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குள் அவர் மனம் நிறைகிற மாதிரி எங்கே கூட்டிப்போவது என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அன்றைக்கு எதனால் மலிவாக இருந்தது, அதில் எது இன்றும் கைக்கு எட்டும் என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் 1974-ல் மதுரைப் பக்கம் ஒரு டென்ட் கொட்டகையில் ஆபரேட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவன். பிறகு லைசென்ஸ் எடுத்து, டவுன் தியேட்டருக்கு மாறி, ஃபிலிம் பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் வந்த பிறகும் சில வருடங்கள் ஓட்டிவிட்டு 2014-ல் ஓய்வு பெற்றேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கதை. (சிவகங்கை அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 1985-ல்.) தஞ்சாவூரிலும் கோவையிலும் கூலியும் வேறு, கொட்டகைக் கணக்கும் வேறு. அந்தப் பக்கத்துக்காரர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் கொட்டகையில் மூன்று வகுப்புகள். தரை 35 பைசா, பெஞ்சு 60 பைசா, சேர் ஒரு ரூபாய். மடியில் உட்காரும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. எது மடிப்பிள்ளை என்பதில் டிக்கெட் கிழிப்பவருக்கும் தாய்மார்களுக்கும் தினம் ஒரு வழக்கு நடக்கும். எட்டு வயதுப் பையன் வாசலைத் தாண்டும்வரை அம்மாவின் இடுப்பில் இருந்துவிட்டு, உள்ளே வந்ததும் இறங்கி ஓடுவான். ஐந்து பேருக்கும் முழு டிக்கெட் வாங்கினாலும் தரையில் ஒன்றேமுக்கால் ரூபாய்தான். மிச்சம் இருபத்தைந்து பைசாவுக்கு முறுக்கு. அப்பா சொல்லும் கணக்கில் ஒரு பைசாகூடப் பிசகில்லை. ஆனால் அவர் பார்த்தது தரை டிக்கெட்டில். இதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தும் இருக்கலாம். எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்தோம்.

அந்தக் காசு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அப்போது வயல் வேலைக்கு ஆணுக்கு நாலிலிருந்து ஐந்து ரூபாய், பெண்ணுக்கு மூன்று ரூபாய் கூலி. வேலை கிடைக்கிற நாளில் மட்டும். அரை நாள் கூலிக்கும் குறைவாகக் குடும்பமே படம் பார்த்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ம் ஆண்டுக்கு வைத்த கூலி 336 ரூபாய். சென்னை மாலில் ஒரு டிக்கெட் வரியெல்லாம் சேர்த்துச் சுமார் 190 என்று வைத்தால் ஐந்து பேருக்கு 950. கிட்டத்தட்ட மூன்று நாள் கூலி. சின்ன ஊர்த் தியேட்டரில் நூறு ரூபாய் டிக்கெட் என்றால் ஒன்றரை நாள். ஆக, விலைவாசியோடு சேர்ந்து டிக்கெட்டும் ஏறியது என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. கூலிக்காரக் குடும்பத்துக்குச் சினிமா நிஜமாகவே தூரப் போய்விட்டது. தரை வகுப்பு என்ற ஒன்றே இல்லாமல் போனதுதான் இதில் பெரிய மாற்றம்.

அன்றைக்கு எப்படிக் கட்டுப்படியானது என்றால், கொட்டகைக்காரருக்குச் செலவு குறைவு. கீற்றுக் கூரை, பக்கத்தில் தட்டி, கீழே ஆற்று மணல். பகலில் கீற்றிடுக்கில் வெளிச்சம் வரும் என்பதால் இருட்டிய பிறகு இரண்டே ஆட்டம். குழாய் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். விளம்பரச் செலவு அவ்வளவுதான். முக்கியமாக, படம் புதிது கிடையாது. ஏ சென்டர் என்று சொல்லும் பெரிய நகரங்களில் ஓடி, பி சென்டரான டவுன்களில் ஓடித் தேய்ந்து, பிறகுதான் சி சென்டரான எங்களுக்குப் பெட்டி வரும். மதுரையில் ஓடிய படம் எங்களிடம் வர ஒரு வருடம் ஆகும், சிலது இரண்டு மூன்று வருடம். விநியோகஸ்தருக்கு அது போட்ட முதல் எடுத்துவிட்ட பிரிண்ட். கிடைத்த வாடகைக்குக் கொடுத்துவிடுவார். திரையில் மழைக்கோடு விழும், பாட்டு நடுவில் நாலு அடி காணாமல் போயிருக்கும், ஒட்டுப் போட்ட இடத்தில் கதாநாயகன் ஒரு குதி குதிப்பான். உங்கள் அப்பா இரண்டு ரூபாய்க்குள் பார்த்தது பெரும்பாலும் இந்த மாதிரிப் படத்தைத்தான். இன்று நீங்கள் வெளியான முதல் வாரத்திலேயே கூட்டிப்போனீர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை.

ஒரே மெஷின் வைத்து ஓட்டினோம் என்பதையும் சொல்ல வேண்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம். பெரிய ஸ்பூலில் நாலு ரீலை ஒட்டிப் போட்டால் முக்கால் மணி நேரம் வரும். பதினாறு ரீல் படம் என்றால் மூன்று இடைவேளை. டவுன் தியேட்டரில் இரண்டு மெஷின் இருக்கும். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி தெரிந்ததும் இதை நிறுத்தி அதை ஓடவிடுவோம், ஜனங்களுக்குத் தெரியாது. கொட்டகையில் அந்த வசதி கிடையாது. ஆனால் ஜனங்கள் அந்த மூன்று இடைவேளையைக் குறையாக நினைக்கவில்லை. பக்கத்து ஊர்ச் சம்பந்திகளைப் பார்ப்பதும், பெண் கேட்பதும், கொடுத்த கடனை நினைவூட்டுவதும் அந்த நேரத்தில்தான் நடந்தன. ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் மூன்றாவது ஸ்பூலுக்குப் பதில் நாலாவதை ஏற்றிவிட்டேன். செத்துப்போன தாத்தா அடுத்த இடைவேளைக்குப் பிறகு எழுந்து வந்து பேத்திக்குக் கல்யாணம் பேசினார். முதலாளி என்னை அடிக்க வந்தார். தரையிலிருந்த ஒரு கிழவி, "இருக்கட்டும் விடுங்கள், பிழைத்து வந்தாரே" என்றாள்.

கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தால் திரையைவிடத் தரைதான் எனக்கு நன்றாகத் தெரியும். வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்போது மணல் முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள். முன்னால் இருப்பவர் மறைக்கிறார் என்று ஒருவர் மணலைக் குவிப்பார், அவர் மறைக்கிறார் என்று பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் குவிப்பார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் இடுப்பளவு மண்சுவர். இரண்டாம் ஆட்டத்தில் பாதிப் பிள்ளைகள் பாயில் தூங்கியிருக்கும். மறுநாள் காலையில் நாங்கள் மணலைச் சல்லடையில் சலிப்போம். கொண்டை ஊசி, ஒற்றை மெட்டி, ஐந்து பைசா பத்து பைசா கிடைக்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அந்தச் சல்லடைக்காகக் காலையில் கொட்டகை வாசலில் நின்றவன். ஆளில்லாத ஒரு நாளில் உள்ளே கூப்பிட்டார்கள்.

இப்போது நீங்கள் கொடுத்த 2,300-ஐப் பிரிக்கலாம். டிக்கெட் 950. ஆன்லைன் முன்பதிவுக் கட்டணம் 180. பாப்கார்னும் குளிர்பானமும் 970. கார் நிறுத்த 200. டிக்கெட் இதில் பாதிகூட வரவில்லை. அன்று நடந்துபோய், வீட்டு முறுக்கைத் தின்று, பானைத் தண்ணீர் குடித்தார்கள். டிக்கெட்டைத் தவிர வேறு செலவுக்கு வழியே இல்லை. இன்று டிக்கெட்டைச் சுற்றி இருப்பதுதான் பையைக் காலி செய்கிறது.

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் உயர்த்தியபோது மல்டிபிளெக்ஸுக்கு 150 ரூபாய் என்று வைத்தார்கள், வரி தனி. இதனால்தான் பெங்களூரிலும் மும்பையிலும் வார இறுதியில் கேட்கும் விலை இங்கே கேட்பதில்லை. ஜிஎஸ்டியில் நூறு ரூபாய்தான் கோடு: நூறு வரை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்து ரூபாய், நூற்றைம்பதுக்கு இருபத்தேழு. இதுபோக உள்ளாட்சி கேளிக்கை வரியும் உண்டு. பெரிய நடிகரின் படம் வெளியாகும் முதல் நாள் இந்தக் கணக்கெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கும் என்பதும் தெரிந்ததுதான். முதல் வாரத்தைத் தவிருங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தின்பண்டம் பற்றிப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். வெளி உணவைத் தடுப்பது சட்டவிரோதம், வாசலில் சண்டை போடுங்கள் என்று இங்கேயே உங்களுக்கு ஒருவர் அறிவுரை எழுதியிருந்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: வெளி உணவை அனுமதிப்பதும் மறுப்பதும் தியேட்டர்காரர் விருப்பம். ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைத் தடுக்கக் கூடாது. ஆகவே சண்டைக்குப் போகாதீர்கள். தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டு வேளைக்கு நடுவில் வரும் ஆட்டமாகப் பார்த்து, வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அந்த 970 ரூபாய் அங்கேயே மிச்சம்.

அடுத்தது, மால் வேண்டாம். சென்னையிலும் புறநகரிலும் ஒற்றைத் திரை அரங்குகள் குறைந்துகொண்டே வருகின்றன; அசோக் நகர் உதயம் 2024-ல் மூடப்பட்டது. மிச்சம் இருப்பவற்றில் ஒன்றுக்கு, படம் வந்து இரண்டாவது வாரம், வேலை நாளில் மேட்னிக்குப் போங்கள். கவுண்டரில் நின்று டிக்கெட் எடுங்கள். முன்பதிவுக் கட்டணம் இல்லை. இரண்டு விலையில் டிக்கெட் இருந்தால் மலிவு வகுப்பின் கடைசி வரிசையைக் கேளுங்கள். அதற்கும் விலை கூடிய வகுப்பின் முதல் வரிசைக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான் இருக்கும். ஒலியைப் பொறுத்தவரை அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நடுவில் உட்கார்ந்தால் எல்லா ஸ்பீக்கரும் சரியாகக் கேட்கும். நாங்கள் அங்கே நின்றுதான் சத்தத்தைச் சரிபார்ப்போம். முன்வரிசை இன்னும் மலிவு, ஆனால் அப்பா வயதில் கழுத்து தாங்காது. கார் வேண்டாம், பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போங்கள். இந்தக் கணக்கில் ஐந்து பேருக்கு ஐந்நூறு, அறுநூறுக்குள் முடியும்.

இன்னொன்று, புதுப் படத்துக்குப் பதில் அவருடைய படத்துக்குக் கூட்டிப்போங்கள். 1964-ல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் மறுபடி வெளியானபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. அன்று நான் கேபினில் இருந்தேன். வசனம் திரையில் வருவதற்கு முன்பே அரங்கில் வந்தது. அதன் பிறகு பழைய படங்களை மறுவெளியீடு செய்வது வழக்கமாகிவிட்டது. எது எப்போது வரும் என்று கவனித்துக்கொண்டிருங்கள். பல இடங்களில் டிக்கெட்டும் குறைவு, கூட்டமும் உங்கள் அப்பா வயதுக் கூட்டம். வடபழனியில் ஏவிஎம் வளாகத்தில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்களோடு பழைய படப்பிடிப்புக் கருவிகளும் இருக்கின்றன. கால்வலி இல்லாத நாளில் அங்கேயும் போகலாம். நான் போனபோது ஒரு கேமராவின் முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன், காவலாளி வந்து விசாரித்தார். பழைய சென்னைவாசிகளைக் கேட்டால் அண்ணா சாலை சஃபையர் வளாகத்திலிருந்த புளூ டயமண்டைச் சொல்வார்கள்: இடைவிடாமல் படம் ஓடும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்கக் குளிரில் உட்காரலாம். மாப்பிள்ளை பார்க்க வந்து வெயிலுக்கு அங்கே ஒதுங்கி, அதே படத்தை மூன்று தடவை பார்த்த என் சித்தப்பா ஒருவர் உண்டு. அதற்கு ஈடாக இன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

டிவியில் வெள்ளிக்கிழமை வந்த சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' பற்றியும் அப்பா அடிக்கடி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர் அதை எங்கே பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கினாலும் எங்கள் பக்கம் அது எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தபோது ராமநாதபுரக் கரையில் வசதியுள்ளவர்கள் உயரமான ஆண்டெனா நட்டு அதைத்தான் பிடித்தார்கள். சிங்களச் செய்தியைக்கூட உட்கார்ந்து பார்த்த ஊர் எங்களுடையது. கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் சென்னை துலக்கமாகத் தெரிந்தது. ஊருக்கு ஒன்றிரண்டு டிவி. ஜன்னலில் தலை, வாசலில் செருப்புக் குவியல். சில வீடுகளில் பிள்ளைகளிடம் நாலணா வாங்கினார்கள். ஞாயிறு மாலைப் படம் வந்த பிறகு எங்கள் முதல் ஆட்டம் காற்று வாங்கியது. எங்கள் பிழைப்பைக் கெடுத்த பெட்டி அது, எனக்கு அதன்மேல் பாசம் கிடையாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: டிவி பார்ப்பதும் அன்று ஓர் ஊர்ப்பயணம்தான். இன்னொருவர் வீட்டுக்கு, இன்ன நேரத்துக்கு, முகம் கழுவிக்கொண்டு போவார்கள். 1993-ல் சன் டிவி வந்து, கேபிள் வீடு வீடாக நுழைந்ததும் அந்தப் பயணம் நின்றது.

அதனால் அந்தப் பாடல்களை இணையத்தில் தேடி அவர் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தால் இரண்டு நாளில் அலுத்துவிடும். என் வீட்டிலேயே அலுத்துவிட்டது. நாங்கள் இப்போது செய்வது வேறு. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, சின்ன புரொஜெக்டரில் பாட்டோ படமோ ஓட்டுகிறோம். கீழ்வீடு, பக்கத்து வீடு என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வேட்டியை இரட்டையாக மடித்து, சுருக்கம் இல்லாமல் நாலு மூலையும் இழுத்துக் கட்டுங்கள். ஒற்றைத் துணியில் வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விடும். மலிவு புரொஜெக்டரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணிக்கையை, அதாவது வெளிச்ச அளவை, நம்பி வாங்காதீர்கள். முறைப்படி அளந்து சொல்லும் ஏஎன்எஸ்ஐ லூமன் எவ்வளவு என்று கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் மாடியில் வீட்டாரோடும் வேண்டியவர்களோடும் பார்ப்பது ஒன்று. தெருவில் திரை கட்டி ஊரைக் கூட்டுவதோ காசு வாங்குவதோ வேறு, அதற்கு உரிமம் வேண்டும்.

நடுவில் இரண்டு இடைவேளை விடுங்கள். என் வீட்டில் நான் வேண்டுமென்றே மூன்று விடுகிறேன். பேரப்பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், என் வயதுக்காரர்கள் எழுந்துபோய்ப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் அப்பா மாலில் பேசாமல் இருந்ததற்கு விலை காரணமா, நாற்காலிகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருந்தது காரணமா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. மாடியில் பாய் விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் பார்த்தது எந்த ஊர்க் கொட்டகை என்றும் கேட்டு எழுதுங்கள். மேலூரிலிருந்து திருப்பத்தூர் வரை உள்ள கொட்டகை என்றால், எங்களிடம் ஓடி முடிந்த பெட்டியை மறுநாள் காலை சைக்கிளில் வைத்து அங்கே கொண்டுபோய்க் கொடுத்தவன் நானாகக்கூட இருக்கலாம்.